பர்கர் கடையில் நான் முணுமுணுத்தது

எனக்கு வாய் இல்லை என்றுதான் என்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அது பொய். எனக்கு வாய் உண்டு. சத்தம்தான் இல்லை.

சின்ன வயதிலிருந்தே நான் அப்படித்தான். யார் முகத்தைப் பார்த்தும் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொன்னது கிடையாது. ஆனால் அவர்கள் முதுகைத் திருப்பியதும், சொல்ல வேண்டியதை எல்லாம் உதட்டுக்குள்ளேயே சொல்லித் தீர்த்துவிடுவேன். என் மாமியாரை முப்பது வருடம் அப்படித்தான் திட்டினேன். அவரோ கண் மூடும்வரைக்கும், "என் மருமக வாயில்லாப் பூச்சி" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாங்கள் பெங்களூர் விவேக் நகரில் இருந்தபோது, தெருவில் நடக்கும்போது என் உதடு அசைவதைப் பார்த்து நான் ஜெபமாலை சொல்லிக்கொண்டு போகிறேன் என்று பாதித் தெரு நம்பியது. கோவிலில் சாமியார் ஒருமுறை பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். "லூர்து மேரியம்மாவப் பாருங்க. ரோட்ல போனாலும் ஜெபம், பஸ் ஏறுனாலும் ஜெபம்." எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் வெட்கத்தில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டேன். (அன்று காலை பஸ்ஸில் நான் திட்டிக்கொண்டு வந்தது அந்தச் சாமியாரைத்தான். பிரசங்கம் நீளமாகப் பண்ணுகிறார் என்று.)

இந்தப் பாவத்துக்கெல்லாம் சேர்த்து எனக்குத் தண்டனை கிடைத்த இடம் ஒரு பர்கர் கடை.

என் வீட்டுக்காரர் காலமான பிறகு நான் ஹெப்பகோடியில் மகள் ஸ்டெல்லா வீட்டுக்கு வந்துவிட்டேன். ஸ்டெல்லாவும் மருமகன் அமலும் காலை ஏழு மணிக்கெல்லாம் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போய்விடுவார்கள். பகல் முழுக்க நானும் சுவரும்தான். மாடி வீட்டில் சைத்ரா என்று ஒரு பெண் குடியிருந்தாள். ஆனேக்கல் பக்கம். முப்பது வயது இருக்கும். கன்னடக்காரிதான், ஆனால் தமிழ் நன்றாகப் பேசுவாள். ஓசூர் ரோட்டில் இருக்கிற ஒரு பெரிய பர்கர் கடையில் மேனேஜர். அவளுக்குக் கீழே பதினான்கு பேர்.

ஒருநாள் படியில் இறங்கிக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, வீட்ல ஒரே போர் அடிக்குதுல்ல? எங்க கடைக்கு வந்துடுங்களேன்."

"நானா? என்னம்மா தெரியும் எனக்கு?"

"டேபிள் தொடைக்கணும், ட்ரே கழுவணும். அவ்ளோதான்."

"நான் அஞ்சாங்கிளாஸ்தான் படிச்சேன்."

"ட்ரேக்கு எத்தனாங்கிளாஸ் வேணும்மா?"

எனக்கு அப்போது அறுபத்தொரு வயது. அந்த வயதில் யாரும் வேலைக்கு எடுக்க மாட்டார்கள். சைத்ரா மேலே இருக்கிறவர்களிடம் பேசி, "எனக்குத் தெரிஞ்சவங்க, என் பொறுப்பு" என்று சொல்லி என்னைச் சேர்த்துவிட்டாள். இதை மறந்துவிடாதீர்கள். நான் ஒரு மத்தியானம் மறந்துவிட்டேன்.

முதல் அவமானம் உடுப்பு. காலர் வைத்த பனியன், கறுப்பு பேன்ட், தலையில் தொப்பி. பிறந்ததிலிருந்து பாவாடையும் புடவையும் தவிர எதையும் கட்டாதவள் நான். பேன்ட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வரச் சொன்னபோது, துணி மாற்றும் அறையிலேயே பத்து நிமிடம் நின்றேன். கால் இரண்டு இருப்பது எல்லோருக்கும் தெரிந்துவிடுமே என்று இருந்தது. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். வீட்டிலேயே பேன்ட்டைப் போட்டு, அதன்மேல் புடவையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவேன். கடைக்குப் போய்ப் புடவையை மட்டும் அவிழ்த்து மடித்து வைப்பேன். சித்திரை வெயிலில் இது எவ்வளவு சுகமாக இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது அவமானம் வரவேற்பு. அந்தக் கடையில் கதவு திறந்தால் உள்ளே இருக்கிற அத்தனை பேரும் என்ன வேலையில் இருந்தாலும் தலையைத் தூக்கி "வெல்கம்!" என்று கத்த வேண்டும். நான் வாயை மட்டும் அசைப்பேன். சைத்ராவுக்குத் தெரியும். தெரிந்தும் விட்டுவிட்டாள். மற்ற பிள்ளைகள் கேட்டால், "மேரியம்மா மனசுக்குள்ள சொல்லிட்டாங்க" என்பாள்.

நல்ல பெண் அவள். என்னிடம் ஒரு விஷயத்தை நம்பிச் சொன்னவள்.

கடையில் எல்லோரிடமும் அவள், தன் வீட்டுக்காரர் துபாயில் வேலை பார்க்கிறார் என்று சொல்லி வைத்திருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு மோர் கேட்டு வந்தவள், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே அழ ஆரம்பித்துவிட்டாள். புருஷன் துபாயில் இல்லை. தும்கூரில் வேறொரு பெண்ணோடு இருக்கிறான். இரண்டு வருடமாகிவிட்டது.

"கடையில தெரிஞ்சா அவ்ளோதான்மா" என்றாள். "பாதிப் பேரு பாவம்னு பாப்பான். மீதிப் பேரு வேற மாதிரி பாப்பான். எவனும் என் பேச்சக் கேக்க மாட்டான். உங்ககிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கேன். நீங்கதான் வாயே தொறக்க மாட்டீங்களே."

நானும் தலையை ஆட்டினேன். ஸ்டெல்லாவிடம்கூட மூச்சு விடவில்லை. அந்த விஷயத்தில் என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

அந்தக் கடையில் உள்ளே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் தவிர, வண்டியை விட்டு இறங்காமலே வாங்கிப் போகிறவர்களும் உண்டு. கடையைச் சுற்றி ஒரு பாதை. பாதையின் ஆரம்பத்தில் ஒரு கம்பம், கம்பத்தில் மைக்கும் ஸ்பீக்கரும். வண்டியில் வருகிறவர்கள் கம்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி என்ன வேண்டும் என்று சொல்வார்கள். உள்ளே தலையில் ஹெட்செட் மாட்டிய பிள்ளைகளுக்கு அது காதில் கேட்கும். அவர்கள் பதில் சொன்னால் கம்பத்தில் கேட்கும். பிறகு வண்டி சுற்றிக்கொண்டு ஜன்னலுக்கு வரும், பையை வாங்கிக்கொண்டு போகும்.

அன்று இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை. வெளியே வண்டிகள் மெயின் ரோடு வரைக்கும் நின்றன. சைத்ரா ஓடி வந்து தன் தலையில் இருந்த ஹெட்செட்டைக் கழற்றி என் தொப்பிக்கு மேல் மாட்டினாள்.

"அம்மா, இன்னிக்கு ட்ரே வேணாம். ஜன்னல்ல நில்லுங்க. பிரியங்கா ஆர்டர் எடுப்பா. கிச்சன்லருந்து பை வரும். பை மேல நம்பர் இருக்கும், பாத்துக் குடுங்க. இது காதுல கேக்கறதுக்கு மட்டும்தான். எந்த பட்டனையும் தொடாதீங்க, ஆய்த்தா?"

"ஆய்த்து" என்றேன்.

சொல்லிவிட்டு அவள் கையில் ஆர்டர் குறிக்கிற டேப்லெட்டை எடுத்துக்கொண்டு, மெயின் ரோட்டில் நிற்கிற வண்டிகளைச் சமாளிக்கப் போய்விட்டாள்.

ஹெட்செட்டோடு ஒயரில் ஒரு சின்னப் பெட்டி வரும். அதை பேன்ட்டின் பெல்ட்டில் கிளிப்பால் மாட்ட வேண்டும். எனக்குக் கிளிப்பில் நம்பிக்கை இல்லை. நாற்பது வருடமாக நான் பத்திரப்படுத்த வேண்டிய எதையும் சுருக்குப் பையானாலும் சாவியானாலும் இடுப்பில் செருகித்தான் பழக்கம். அதையும் அப்படியே பேன்ட்டுக்குள் வைத்து, பனியனை அதன்மேல் சுற்றி, நன்றாக ஒரு முறுக்கு முறுக்கி, இறுக்கிச் செருகிவிட்டேன். விழவே விழாது. நான் எந்த பட்டனையும் தொடவில்லை. என் இடுப்புதான் தொட்டது.

அந்த நிமிடத்திலிருந்து நான் விடுகிற மூச்சுகூடக் கம்பத்தில் கேட்டது. உள்ளே ஹெட்செட் போட்டிருந்த நான்கு பேர் காதிலும் கேட்டது. எனக்கு மட்டும் தெரியாது.

முதலில் ஒரு பெண் குரல் வந்தது. நான்கு பர்கர், நான்கு கோக், பெரிய உருளைக்கிழங்கு வறுவல். நான் வழக்கம்போல உதட்டுக்குள், "ஞாயித்துக்கெழம கூட அடுப்பு பத்த வெக்க மாட்டா போலருக்கு. புள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு" என்றேன். கொஞ்ச நேரத்தில் வண்டி ஜன்னலுக்கு வந்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண். பையை வாங்கிக்கொண்டு போகாமல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, காலைல இட்லி பண்ணேன். சாம்பாரும் பண்ணேன். மத்தியானத்துக்கு மட்டும்தான் இது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும், முன்பின் தெரியாத கிழவியிடம் வீட்டுச் சமையலைச் சொல்கிறாளே, எவ்வளவு மரியாதையான பெண் என்று நினைத்துக்கொண்டேன். தலையை ஆட்டி வைத்தேன்.

அடுத்து ஒரு பெரியவர் குரல். கரகர என்று இருந்தது. சிக்கன் பர்கரும் ஐஸ்கிரீமும் சொன்னார். "நெஞ்சு பூரா சளி கட்டியிருக்கு, இதுல ஐஸ்கிரீம் ஒரு கேடு" என்றேன். ஜன்னலுக்கு வந்தவர் வெள்ளைத் தாடி வைத்த ஒரு பாய். ஐஸ்கிரீமை நீட்டினேன்.

"நக்கோம்மா, ஐஸ்கிரீம் வாணாம்" என்று கையை ஆட்டினார். "நீங்க சொல்றதும் கரெக்ட்தான்."

நான் ஒன்றுமே சொல்லவில்லையே என்று யோசித்தேன். வயதானவர், வேறு யாரிடமோ போனில் பேசுகிறார் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது ஒரு பைக். பையனும் பெண்ணும். ஒரு கோக், இரண்டு ஸ்ட்ரா. நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். "வீட்ல சொல்லிட்டு வந்தாளோ, ஸ்பெஷல் கிளாஸுன்னு பொய் சொல்லிட்டு வந்தாளோ." ஜன்னலுக்கு வந்ததும் அந்தப் பெண் முகம் சிவந்து, பையனின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்து, "ஆன்ட்டி, இவன் என் தம்பி!" என்றாள்.

"சரிம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது? அன்றைக்கு வருகிற ஜனங்களே ஒரு மாதிரியாக இருக்கிறார்கள் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆர்டர் எடுக்கிற பிரியங்கா, கோலார் தங்கவயல் பெண், மெஷின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கிச்சனிலும் சிரிப்புச் சத்தம். யாரும் எனக்குச் சொல்லவில்லை. ("மேரியம்மா, சொல்லியிருக்கணும்தான். ஆனா ரேடியோ மாதிரி இருந்துச்சு, நிறுத்த மனசே வரல" என்று பிறகு சொன்னாள்.) அவர்கள் சிரிப்பதைப் பார்த்து நானும் சிரித்தேன். அது ஒன்றுதான் குறைச்சல்.

சிரித்துக்கொண்டே ஒரு பையைத் தப்பாகக் கொடுத்துவிட்டேன்.

சைவம் சாப்பிடுகிற குடும்பம். பையைத் திறந்தால் உள்ளே கோழி. நல்லவேளை, காகிதத்தில் இருந்த சிவப்புப் புள்ளியைப் பார்த்துவிட்டார்கள், யாரும் கடிக்கவில்லை. ஆனால் அந்த வீட்டு அம்மாள் வண்டியிலிருந்து இறங்கி நின்று சத்தம் போட்டார். சைத்ரா வெளியிலிருந்து ஓடி வந்து கைகூப்பி மன்னிப்புக் கேட்டு, வேறு பை கொடுத்து அனுப்பினாள். அனுப்பிவிட்டு ஜன்னலுக்கு வெளியே நின்றபடியே என்னிடம் சொன்னாள்.

"ஏனம்மா இது? பாத்துக் குடுங்கன்னு எத்தன தடவ சொன்னேன்? நம்பர்கூடவா படிக்கத் தெரியாது?"

அவ்வளவுதான். வேர்த்து விறுவிறுத்துப் போய், அவசரத்தில், களைப்பில் சொன்னது. சொல்லிவிட்டு இந்தத் தடவை கம்பத்தின் பக்கம் போய்விட்டாள். ஆனால் ஐந்தாம் வகுப்போடு நின்றவளிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். சுருக்கென்று எங்கே குத்த வேண்டுமோ அங்கே குத்திவிட்டது. காது இரண்டும் சூடானது. அவள் முதுகைத் திருப்பியதும் என் உதடு அசைய ஆரம்பித்துவிட்டது.

"நம்பர் படிக்கத் தெரியாதாம் எனக்கு. இவ பெருசா படிச்சுக் கிழிச்சுட்டா. புருஷன் துபாய்ல இருக்கான், துபாய்ல இருக்கான்னு கடை பூரா சொல்லிக்கிட்டுத் திரியறாளே, எந்த துபாய்? தும்கூர்ல இன்னொருத்தி வீட்ல குடும்பம் நடத்திக்கிட்டு இருக்கான். கட்டுனவனக் கையில வச்சுக்கத் தெரியல, என் கையில இருக்கற பைக்கு வந்துட்டா புத்தி சொல்ல."

இதை எழுதும்போதும் கை கூசுகிறது. ஆனால் சொன்னது இதுதான். ஒரு வார்த்தைகூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

முதலில் பிரியங்காவின் சிரிப்பு நின்றது. பிறகு கிச்சனில் சத்தம் நின்றது. வறுவல் பொரிக்கிற மெஷின் மட்டும் பீப் பீப் என்று கத்திக்கொண்டே இருந்தது. யாரும் போய் அதை நிறுத்தவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏன் பார்க்கிறார்கள் என்று நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன்.

சைத்ரா கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஸ்பீக்கர் அவள் தோளுக்கு நேரே இருந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளைக் கார், அதன் கண்ணாடி இறங்கியிருந்தது. காரில் இருந்தவர் சைத்ராவைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு அவள் அசையாமல் நின்றாள்.

பெங்களூரில் தமிழ் தெரியாதவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அன்று மத்தியானம் அவர்களில் ஒருவர்கூட அந்தப் பக்கம் வரவில்லை.

அவள் உள்ளே வந்தாள். கத்தவில்லை. என் தலையிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றினாள். ஒயரைப் பிடித்துக்கொண்டே போய், என் இடுப்பில் செருகியிருந்த பெட்டியை உருவி எடுத்தாள். அதில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இது எவ்ளோ நேரமா எரியுதும்மா?"

என் உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை.

அவள் விளக்கை அணைத்தாள். ஹெட்செட்டைத் தன் தலையில் மாட்டினாள். பட்டனை அமுக்கி, "வெல்கம் சார், காத்திருக்க வச்சதுக்கு சாரி, ஆர்டர் சொல்லுங்க" என்றாள். எப்போதும் பேசுகிற அதே குரல். அது கொஞ்சம் நடுங்கியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு என்னைப் பார்க்காமலே, "நீங்க ட்ரே கழுவுங்கம்மா" என்றாள்.

பின்பக்கத் தொட்டியில் நின்று ட்ரே கழுவினேன். ஒரே ட்ரேயை மூன்று தடவை கழுவினேன் என்று நினைக்கிறேன். இரண்டு பெண்கள் என்னைத் தாண்டிப் போகும்போது "தும்கூராம்" என்று கிசுகிசுத்துக்கொண்டு போனார்கள். கிச்சனில் ஒரு பையன் இருந்தான். சைத்ரா குரல் கொடுத்தால் அரைக் கணத்தில் ஓடுகிறவன். அன்று அவள், "பன் எங்க? சீக்கிரம்" என்று கேட்டதற்கு, "பரவால்ல மேடம், டென்ஷன் ஆகாதீங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று இளகிய குரலில் சொன்னான். சைத்ராவின் முதுகு விறைத்ததை நான் பார்த்தேன். எதற்கு அவள் இரண்டு வருடம் பயந்தாளோ, அது இந்தக் குரல்தான்.

ஈரக் கையோடு அவள் பின்னால் போய் நின்றேன்.

"மன்னிச்சிரும்மா" என்றேன்.

"கேக்கல" என்றாள், திரும்பாமல்.

"மன்னிச்சிரும்மா."

"கேக்கலம்மா. காதுல ஆர்டர் வருது."

கேட்டும் கேட்காத மாதிரி சொன்னாளா, உண்மையிலேயே கேட்கவில்லையா, எனக்குத் தெரியாது. ஆனால் என் ஐந்தாம் வகுப்பு மூளைக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. அவள் காதில் இப்போது கம்பத்தில் பேசுவது மட்டும்தான் விழுகிறது. நான் சொன்ன பாவத்தைக் கேட்டவர்களும் அந்த ஹெட்செட் போட்டவர்கள்தான். எந்த வழியாகப் போனதோ அந்த வழியாகவே போய்த் திரும்ப எடுத்துவிட வேண்டியதுதான்.

பின்கதவைத் திறந்துகொண்டு, பேன்ட்டும் தொப்பியுமாக நான் வெளியே போனேன். சுற்றிக்கொண்டு பாதையின் ஆரம்பத்துக்கு வந்தேன். ஒரு சிவப்புக் காருக்கும் ஒரு ஸ்கூட்டருக்கும் நடுவில் வரிசையில் நின்றேன். (குறுக்கே போய்ப் பேசியிருக்கலாம். ஆனால் வரிசையைத் தாண்டிப் போக எனக்குக் கூச்சம்.)

ஸ்கூட்டர்க்காரர் ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டு, "ஆன்ட்டி, நடந்து வர்றவங்களுக்கு உள்ள கவுன்ட்டர் இருக்கு" என்றார்.

"எனக்கு இங்கதான் வேலை" என்றேன்.

சிவப்புக் கார் நகர்ந்தது. நான் கம்பத்துக்கு முன்னால் போய் நின்றேன்.

"வெல்கம் சார், ஆர்டர் ப்ளீஸ்" என்றது பிரியங்காவின் குரல்.

சத்தமாகப் பேசிப் பழக்கம் இல்லாதவளுக்கு எவ்வளவு சத்தம் போட வேண்டும் என்று அளவு தெரியாது. என் அறுபத்தொரு வருடச் சத்தமும் ஒன்றாக வெளியே வந்தது. எதிர்ப்பக்கம் பெட்ரோல் பங்கில் காற்று அடித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"நான் மேரி! லூர்து மேரி! ட்ரே கழுவற மேரி!"

"மேரியம்மா? எங்க இருக்கீங்க?"

"கம்பத்தாண்ட!"

இதற்குமேல் வெறும் மன்னிப்பு மட்டும் கேட்டிருந்தால் நான் மனுஷி. ஆனால் எனக்கு, உடைத்ததை ஒட்டிவிட வேண்டும் என்று ஒரு வேகம் வந்துவிட்டது.

"நான் சொன்னது எல்லாம் பொய்! கோவத்துல சொன்னேன்! சைத்ரா மேடம் வீட்டுக்காரர் துபாய்லதான் இருக்கார்! நானே ஏர்போர்ட்டுக்குப் போய் ஏத்திவிட்டுட்டு வந்தேன்! போன வாரம்கூட பேரீச்சம்பழம் அனுப்புனார்! நான் ரெண்டு சாப்ட்டேன்! கொட்டை சின்னதா இருந்துச்சு!"

பேரீச்சம்பழம் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவர்களுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை. அடுத்து அவர் அனுப்பிய போர்வையைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"அம்மா" என்றது ஸ்பீக்கர். சைத்ரா.

"ஆங்!"

"பேரீச்சம்பழம் எல்லாம் ஒண்ணும் வரலம்மா."

நான் கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஸ்பீக்கரில் அவள் மூச்சு விடுவது கேட்டது.

"துபாய் இல்ல. தும்கூர்தான். ரெண்டு வருஷம் ஆச்சு. ஹெட்செட் போட்டிருக்கறவங்க எல்லாம் கேட்டுக்கங்க, இன்னொரு தடவ சொல்ல மாட்டேன். கேட்டாச்சா? இப்ப அந்த மெஷின நிறுத்துங்க, அடுத்த ஃப்ரைஸும் கருகுது. எனக்கு யாரும் ஒண்ணும் பாத்துக்க வேணாம், பன்ன மட்டும் எடுத்துட்டு வாங்க." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க நகருங்கம்மா. பின்னாடி வண்டி நிக்குது" என்றாள்.

நகர்ந்தேன். ஸ்கூட்டர்க்காரர் என்னையும் கம்பத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் உள்ளயே போய் வாங்கிக்கறேன் ஆன்ட்டி" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டார்.

என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாளிலிருந்து காலை வேலைக்கு மாற்றினார்கள், கடை திறப்பதற்கு முன் தரை துடைக்க. அந்த நேரத்தில் கடையில் யாரும் இருக்க மாட்டார்கள். பதினெட்டு நாள் சைத்ரா என்னிடம் பேசவில்லை. படியில் ஏறும்போதும் இறங்கும்போதும் செருப்புச் சத்தம் மட்டும் கேட்கும். கடையில் அவள் பேச்சை யாரும் கேட்காமல் போய்விடவில்லை. இரண்டு நாள் கிசுகிசுத்தார்கள், மூன்றாம் நாள் அவள் ஒருத்தியை லேட்டாக வந்ததற்குத் திருப்பி அனுப்பினாள், அதோடு தும்கூர் அடங்கிவிட்டது என்று பிரியங்கா சொன்னாள். அதைக் கேட்டு என் பாரம் குறையவில்லை.

பத்தொன்பதாம் நாள் காபித்தூள் கேட்டு வந்தாள். கொடுத்தேன். வாங்கிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"சொல்லணும் சொல்லணும்னு நானும் நெனச்சிட்டுதான் இருந்தேன்மா. எப்ப சொல்றது, யாருக்கு மொதல்ல சொல்றதுன்னு. அது என் வாயால வந்திருக்கணும். உங்க வாயால இல்ல."

"ஆமாம்மா" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசியதில்லை. மன்னித்தாயா என்று நானும் கேட்டதில்லை. இப்போதும் மாடியில்தான் இருக்கிறாள். எங்கள் வீட்டில் ஒருத்தி மாதிரி வந்து போகிறாள்.

நடந்ததை ஸ்டெல்லாவிடம் நான்தான் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். பேரீச்சம்பழம் வந்த இடத்தில் சிரிக்க ஆரம்பித்து, தரையில் உட்கார்ந்துவிட்டாள். மருமகன் அமல் வந்ததும் அவருக்கும் சொன்னாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் பொய் சொன்னாலும் அதற்குப் பெயர் பேரீச்சம்பழம். அமல் வாய் மணக்க ஏலக்காய் மென்றுகொண்டு வந்து, சிகரெட்டே தொடவில்லை என்றால், "கொட்டை சின்னதா இருந்துச்சா?" என்று கேட்பாள் ஸ்டெல்லா. கிறிஸ்துமஸுக்கு உறவுக்காரர்கள் வந்தால் முழுக் கதையும் நடக்கும். அமல் எழுந்து, துடைப்பத்தைக் கம்பமாக நிறுத்தி வைத்து, "நான் மேரி! ட்ரே கழுவற மேரி!" என்று கத்திக் காட்டுவார். எல்லோரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார்கள்.

சைத்ராவும் அந்தக் கூட்டத்தில் இருப்பாள். அவளும் சிரிப்பாள். போன வருடம் ஸ்பீக்கரில் தான் பேசியதை அவளே பேசிக் காட்டினாள்.

அந்த இடம் வரும்போது நான், அடுப்பில் ஏதோ வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவேன். அடுப்பில் ஒன்றும் இருக்காது.